தனக்கோடியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை

"மாத்திரைக்கு எங்கே வலிக்குதுன்னு எப்படி சார் தெரியும்?"

நேர்முகத் தேர்வில் தனக்கோடி இப்படிக் கேட்டாள். கேள்வி கேட்கும் உரிமை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் டாக்டர் சுப்பராயலு, "நீ ஏம்மா நர்ஸ் ஆகணும்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டார். அன்று காலை முதல் வந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்விக்கு "சேவை செய்ய" என்று பதில் சொல்லியிருந்தார்கள். அவரும் ஒவ்வொரு சேவைக்கும் கண்ணை மூடித் தலையசைத்ததில், மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. தனக்கோடி மட்டும் கொஞ்சம் யோசித்து உள்ளதைச் சொன்னாள். தலைவலிக்கும் அதே மாத்திரை, முட்டிவலிக்கும் அதே மாத்திரை. இரண்டும் வயிற்றுக்குள்தான் போகின்றன. அதற்கப்புறம் மேலே போவதா, கீழே போவதா என்று அதற்கு யார் வழி சொல்கிறார்கள்? மாடம்பாக்கத்தில் அவள் இதைக் கேட்காத ஆளில்லை. பதில் சொன்ன ஆளும் இல்லை. இங்கே சொல்லித்தருவார்கள் என்றுதான் மனுப் போட்டிருக்கிறாள்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். 'சேவை மனப்பான்மை புலப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். ஆனால் பெண்ணின் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருந்தது. ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. "விசாரிச்சு முடிவு சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார்.

அது எண்பத்தெட்டாம் வருடம். மறைமலை நகரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது அந்தத் தர்ம ஆஸ்பத்திரி. அங்கே துணை நர்ஸ் பயிற்சி ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, முடித்ததும் அங்கேயே வேலை. போன வருடம் சேர்ந்த பெண்களில் சிலர் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். ஒருத்தி பிரசவ வார்டில் முதல் நாளே மயங்கி விழுந்து, கண் விழித்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். இருவரை வீட்டார் வந்து, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று அழைத்துப்போய் கல்யாணம் செய்துவைத்தார்கள். இதற்கு மருந்தாக டாக்டர் சுப்பராயலு ஒரு திட்டம் கண்டுபிடித்தார். பெயர், ரகசியக் கள விசாரணை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பெண்ணின் ஊருக்குப் போய், தான் யார், எங்கிருந்து வந்தவர் என்று சொல்லாமல், அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடம் பெண்ணைப் பற்றி விசாரித்து வர வேண்டும். யாரென்று சொன்னால் ஜனங்கள் உண்மை பேச மாட்டார்கள் என்பது டாக்டரின் ஆராய்ச்சி முடிவு. உலகத்தில் இப்படியொரு யோசனை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று அவர் நம்பினார். தமிழ்நாட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் எல்லாரும் இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

விசாரிக்கும் பொறுப்பு பட்டு என்ற மூத்த சிஸ்டருக்கு வந்தது. ஐம்பது வயதுக்காரி. வகுப்பும் அவள்தான் எடுப்பாள். நேர்முகத் தேர்வு அன்று லீவில் இருந்ததால் எந்தப் பெண்ணுக்கும் அவள் முகம் தெரியாது. ரகசியத்துக்கு அது வசதி என்று டாக்டர் அதையும் தன் திட்டத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

மாடம்பாக்கத்தில் தனக்கோடியின் அப்பா ஜெயவேலுவுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. இப்போது அதன் மேல் கௌரி நகர் என்ற காலனி இருந்தது. ஜெயவேலு கேம்ப் ரோட்டில் சிமென்ட் கடை வைத்து, தன் நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிமென்ட் விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகள் நோயாளிகளின் படுக்கையில் பீங்கான் பாத்திரம் வைத்துத் தூக்கும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்பதை அவர் வெளியில் மூச்சு விடவில்லை. மகளிடம் ஒரு ஒப்பந்தம் மட்டும் போட்டிருந்தார். "சீட்டு வந்தா போ. வரலேன்னா தை மாசம் குப்புராஜுக்கு கட்டிக் குடுத்துடுவேன். அப்புறம் அழுவக் கூடாது."

குப்புராஜ் அவளுடைய தாய்மாமன் மகன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. நல்ல பையன், சோறு போட்டால் சாப்பிடுவான், தண்ணீர் வைத்தால் குடிப்பான். அவனிடம் ஒரு குறையும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்றும் இல்லை. அதுதான் தனக்கோடிக்குக் கலக்கம். லேத் எப்படிச் சுற்றுகிறது என்று ஒருமுறை கேட்டாள். "சுச்சு போட்டா சுத்தும்" என்றான். அதோடு அவனை முழுக்கத் தெரிந்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, கடுகு நிறப் புடவையில், குடையும் கைப்பையுமாக பட்டு மாடம்பாக்கம் கோயில் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சங்கத் தலைவர் வீடு எது என்று கேட்டு நேரே அங்கே போனாள்.

கௌரி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் பத்ரிநாராயணன். நகரத்தில் ஏதோ மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அது இந்திய அரசாங்கத்துக்கே நேர்ந்த அவமானம் என்று நினைப்பவர். காலனிக்குச் சாக்கடை இல்லை, விளக்கு இல்லை; சங்கத்துக்கு மட்டும் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது.

"ஜெயவேலு வீட்டுப் பொண்ணு தனக்கோடியைப் பத்தி ரெண்டு வார்த்தை விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் பட்டு. "மறைமலை நகர் பக்கத்துலேர்ந்து வர்றேன். வேண்டியவங்க அனுப்பினாங்க."

ரகசியம் காப்பதற்காக அவள் யோசித்து யோசித்துத் தயாரித்த வாக்கியம் அது. சொல்லி முடித்ததும்தான் அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது அவளுக்கே உறைத்தது. பத்ரிநாராயணனின் முகம் மலர்ந்துவிட்டிருந்தது. உள்ளே குக்கரை அணைத்துவிட்டு அவர் மனைவி அபிதகுஜாம்பாள் வந்து கதவோரம் நின்றாள்.

"உட்காருங்கோ. கரெக்டான இடத்துக்குத்தான் வந்திருக்கேள்" என்றார் பத்ரிநாராயணன். "என்கிட்ட ஒரு பழக்கம். எதையும் ஃபேக்ட்டா சொல்லிடுவேன். கூட்டறதும் இல்லை, குறைக்கறதும் இல்லை."

"அதுதான் வேணும்."

"வெரி சாஃப்ட் கேர்ள். வாசல்ல கோலம் போடறப்போ பார்த்தாத்தான் உண்டு. அதுவும் தலை குனிஞ்சபடியே. இருக்கற இடமே தெரியாது."

"குரலே எழும்பாது" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"எங்கேயாவது வெளியே தெருவே போகுமா?"

"எங்க போறது? கோயில், விட்டா வீடு."

"வேலைக்குப் போற எண்ணம் ஏதாவது..."

பத்ரிநாராயணனுக்குப் பெண்ணின் மேல் விழவிருந்த பழியைத் தடுக்கும் வேகம் வந்தது. "நோ, நோ. அந்த மாதிரி குடும்பமே இல்லை. சான்ஸே இல்லை."

பட்டு கைப்பையின் காதைத் திருகினாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. "யாருக்காவது உடம்பு சரியில்லேன்னா, அடி கிடி பட்டுதுன்னா, கிட்ட வந்து பார்க்குமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனால் மென்மையை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பமும் வராது. பத்ரிநாராயணன்தான் தொடங்கினார்.

"பாருங்கோ, போன வருஷம் இவ கையில அரிவாள்மணை ஆழமாப் பட்டுடுத்து. ஒரே ரத்தம். அந்தப் பொண்ணு கோலமாவு கேட்க வந்திருந்தது. பார்த்தது பாருங்கோ, அப்படியே மயங்கி விழுந்துடுத்து. இந்த இடத்துலதான். அவ்வளவு மென்மையான சுபாவம்."

அபிதகுஜாம்பாள் தரையில் அவர் காட்டிய இடத்தையும், பிறகு அவரையும் பார்த்தாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது பட்டு அவளுடைய கட்டைவிரலின் அடியில் இருந்த தழும்பைப் பார்த்தாள். நீளமான வெட்டு. கோணாமல், நூல் பிடித்தாற்போல் ஆறியிருந்தது. யாரோ உடனே, சரியாக, இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மயங்கி விழுந்தவர்கள் கட்டுகிற கட்டு இல்லை அது. பட்டு காபியைக் குடித்தாள். ஆச்சரியமாக இருந்தது; காபி அல்ல, தழும்பு.

அதற்குள் செய்தி காலனியைச் சுற்றிவந்துவிட்டது. பட்டு தேடிப் போகாமலேயே சாட்சிகள் வந்தார்கள். மாவு மெஷின்காரர் கிட்டு, மிளகாய் வற்றல் அரைபடுவதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, "அந்தப் பொண்ணா, வாய் இருக்கறதே சாப்பிடத்தான்" என்று சான்று வழங்கினார். மெஷினின் பெல்ட் ஏன் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி மாட்டியிருக்கிறது என்று தனக்கோடி போன வாரம் அவரை அரைமணி நேரம் குடைந்தெடுத்ததை அவர் பெருந்தன்மையோடு மறைத்தார். இஸ்திரி வண்டி ஞானையா, "ஆஸ்பத்திரி வாடையே ஆகாதும்மா அதுக்கு" என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார். சங்கத்தின் பொருளாளர், இருபது கெஜம் ஓடிவந்து பட்டுவை நிறுத்தி, பெண் நன்றாகப் பாடும் என்று தெரிவித்தார்.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஊர்ப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்வது எந்தச் சட்டத்திலும் எழுதாத கடமை. அந்த நாலு வார்த்தையும் எல்லா ஊரிலும் ஒன்றேதான்: வெளியே வராது, பேசாது, பயப்படும், பாடும். உள்ளதைச் சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்?

பட்டுவின் மனதில் வரப்போகும் அறிக்கை தெளிவாக உருவாகிக்கொண்டிருந்தது. ஒரே விசாரணையில் இப்படி ஒருமனதாக, இவ்வளவு அன்பாக, ஒரு பெண்ணின் சீட்டைக் கிழித்துப் போட்டதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

செய்தி ஜெயவேலு வீட்டுக்குப் போனது. தனக்கோடியின் அம்மா கங்கையம்மாள் பரபரப்பாக வாழைக்காய் சீவ ஆரம்பித்தாள். கடைக்கு ஆள் போயிற்று. தனக்கோடி அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வரும் நேரம். குப்புராஜ் என்றால் தை மாதம் வரை பொறுப்பான். வெளியாள் வந்து பெண் பிடித்துவிட்டால், ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்பார்கள். வருகிறவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஊரில் ஒரு கல்யாணத்தைக் கலைக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

முனியம்மா, ஜெயவேலுவுக்குப் பங்காளி முறையில் தம்பியின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஜெயவேலு எழுப்பிய சுவர் தன் பக்கம் அரை அடி வந்துவிட்டது என்பது முனியம்மாவின் வழக்கு. மூன்று வருடமாகப் பெரியவர்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. எருமை வைத்து காலனிக்குப் பால் ஊற்றி வந்தாள்.

தனக்கோடி பின்பக்கமாகப் போய்ச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தாள். "சித்தி."

தவிடு கலக்கிக்கொண்டிருந்த முனியம்மா நிமிரவில்லை. "இன்னா, சொவுரு மேல குந்திகினு கீறே. எறங்கு. அதுவும் எங்க எடந்தான்."

"யாரோ பொண்ணு விசாரிக்கிறாங்களாம் சித்தி."

"தெர்யும். கடுகு கலர் பொடவ. மாவு மெஷின்ல பேசிகினாங்கோ."

"உங்ககிட்டயும் வருவாங்க. என்னப் பத்தி நல்லதா எதுவும் சொல்லிடாதீங்க."

முனியம்மாவின் கை தவிட்டுக்குள் நின்றது. "நான் நல்லதா சொல்வேன்னு உனுக்கு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. ஊர்ல எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. அதான் ஒரு பயம்."

முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். இது ஒரு சங்கடமான வியாபாரம். சம்பந்தம் கலைந்தால் ஜெயவேலுவின் மூக்கு உடையும்; நல்லதுதான். ஆனால் அவர் மகளே வந்து கேட்டால் அது உதவி ஆகிவிடுகிறது. மூன்று வருடப் பகையில் இப்படியொரு சிக்கல் அவளுக்கு வந்ததில்லை.

"இன்னாத்துக்கு கண்ணாலம் வேணாங்கறே? எவனயாச்சும்..."

"அதெல்லாம் இல்ல சித்தி. படிக்கணும்."

"இன்னா படிப்பு?"

"உள்ள என்ன கீதுன்னு."

"எதுக்குள்ள?"

"எல்லாத்துக்குள்ளயும்தான்."

முனியம்மாவுக்கு இது புரியவில்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை. இந்தப் பெண் அப்படிப்பட்டது என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

"பொய் எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் தனக்கோடி. "நடந்தத சொன்னாலே போதும்."

"பொய் சொல்றதுக்கு நான் இன்னா காலனிக்காரியா? போ. சொவுத்த ஒடச்சிடாதே, அப்பால உங்க நைனா என் தலையில கட்டுவாரு."

கொஞ்ச நேரத்தில் பட்டு வந்து சேர்ந்தாள். களைத்திருந்தாள். பகையாளி வீடு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று மூன்று பேர் சொன்னார்கள், அதனாலேயே வந்தாள். முனியம்மா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். மூன்று வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததைக் கொட்டுவதற்கு அரசாங்கமே ஆள் அனுப்பியது போல் அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

"தோ பாரும்மா. நீ யாரோ, எவரோ. உன் புள்ள நல்லா இருக்கணும்னா இந்தப் பொண்ணு வேணாம்."

"ஏங்க?"

"அது பொண்ணா அது? போன ஐப்பசில எங்க எருமைக்கு வவுத்துக்குள்ள கண்ணுக்குட்டி மாட்டிகிச்சு. மாட்டு டாக்டரு வர்ல. தெருவே கூடி நிக்குது. இது இந்த சொவுத்தத் தாண்டி குதிச்சு வந்து, முழங்கை வெரிக்கும் உள்ள வுட்டுச்சு. வயசுப் பொண்ணு. அத்தினி ஆம்பளைங்க பாக்கறாங்க, ஒரு கூச்சம் இல்ல. கால் மடிஞ்சிகினு கீதுன்னு உள்ளேர்ந்தே சொல்லிகினு கீது."

"அப்புறம்?"

"அப்பால இன்னா. இஸ்துச்சு, வந்துச்சு. தோ நிக்கிது பாரு."

கட்டுத்தறியில் ஒரு எருமைக் கிடாரிக் கன்று நின்று பட்டுவை அசுவாரசியமாகப் பார்த்தது.

"இன்னும் கேளு. வேளச்சேரி ரோட்டுல தண்ணி லாரிக்காரன் ஒரு சைக்கிள்காரன இடிச்சுட்டான். கால்லேர்ந்து ரத்தம் பீய்ச்சுது. எல்லாரும் தள்ளி நின்னு உச்சு கொட்டறாங்கோ. இது தாவணிய அவுத்து இறுக்கிக் கட்டிட்டு, நடு ரோட்டுல குந்திகினு அவன் தொடையப் புடிச்சு அமுக்கிகினு, அந்த லாரிக்காரனயே மெரட்டி அதே லாரில ஏத்திகினு குரோம்பேட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. பொழுது சாய வூட்டுக்கு வந்துச்சு. பாவாட முச்சூடும் ரத்தம். அவன் யாருடீன்னு கேட்டா, தெரியாதுன்னுது. யாரோ ஒருத்தன் தொடைய."

பட்டுவின் கை தன்னையறியாமல் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடியது. ரகசியம் நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

"தலைவர் வீட்ல, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்துதுன்னு சொன்னாங்களே" என்றாள் பட்டு.

முனியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். எருமை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "இதுவா? வுழுந்தது அவுரு. நாந்தான் பால் ஊத்தப் போயிருந்தேன், என் கண்ணால பாத்தேன். அந்தம்மா கையில ரத்தத்தப் பாத்துட்டு சாமி அப்படியே சாஞ்சிட்டாரு. இது ஒரு கையில அந்தம்மா வெரல அமுக்கிப் புடிச்சிகினு, கால் கட்டவெரலால நாற்காலிய இஸ்து அவுரு காலத் தூக்கி அது மேல போட்டுச்சு. சங்கத் தலைவரு வேட்டி கலஞ்சு கெடக்காரு. இதெல்லாம் ஒரு பொண்ணு செய்யிற வேலையா?"

"உங்களுக்கு இந்தப் பொண்ணால ஏதாவது உபகாரம் உண்டா?"

முனியம்மாவின் சிரிப்பு நின்றது. "உபகாரமா. எங்க மாமியா படுத்த படுக்கையா கெடந்துச்சு. முதுவுல புண்ணு. அப்ப சண்ட நடந்துகினு கீது. இது தெனம் சொவுரு ஏறி குதிச்சு வரும். கெழவியப் பொரட்டிப் போட்டு, புண்ணத் தொடச்சிட்டுப் போவும். நான் மொதல்ல பாசம்னு நெனச்சேன். ஏம்மா வர்றேன்னு கேட்டா இன்னா சொல்லுது தெர்யுமா? புண்ணு ஓரத்துலேர்ந்து ஆறுதா, நடுவுலேர்ந்து ஆறுதான்னு பாக்கணுமாம். வேடிக்க பாக்க வந்துகினு கீது. பாசமாவது ஒண்ணாவது."

"எங்கேர்ந்து ஆறிச்சு?"

"ஓரத்துலேர்ந்து" என்றாள் முனியம்மா, விருப்பமில்லாமல்.

அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் பட்டுவுக்கு அந்தப் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ரகசிய விதிகளில் அதற்கு இடமில்லை. ஆனால் கூடாது என்றும் எழுதவில்லை.

ஜெயவேலு கடையிலிருந்து வந்து, சட்டை மாற்றி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். பஜ்ஜி வந்தது.

"பையன் இன்னா பண்றாப்ல?" என்று கேட்டார்.

"பையனைப் பத்தி இப்போ சொல்றதுக்கில்லைங்க" என்றாள் பட்டு. அது பொய்யும் அல்ல.

ஜெயவேலு மரியாதையோடு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய இடம்.

தனக்கோடியைச் சேலை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பழைய பாவாடை தாவணியில், சுவர் ஏறியதில் ஒட்டிய சிமென்ட் தூசியோடு வந்து நின்றாள். கும்பிடவில்லை. வந்தவளை எப்படியாவது விரட்ட வேண்டும் என்று முறைத்தபடி வந்தவள், பட்டுவின் காலைப் பார்த்ததும் முறைப்பதை மறந்துவிட்டாள்.

"உங்க கால் வீங்கியிருக்கு."

"தனக்கோடி" என்றாள் கங்கையம்மாள், பல்லைக் கடித்து.

"ரெண்டு காலும் வீங்குமா, ஒண்ணுதானா? காலையில எழுந்துக்கும்போது இருக்குமா?" கேட்டுக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்து, பட்டுவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. தனக்கோடி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுவும் குனிந்து பார்த்தாள். ஜெயவேலுவும், வேறு வழி தெரியாமல், பார்த்தார். குழி மெல்ல மெல்ல மேலே வந்தது.

"உள்ள இருக்கிறது தண்ணியா?" என்றாள் தனக்கோடி. "தண்ணின்னா விரலை எடுத்த உடனே சமமாயிடணுமே. இது ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்குது?"

"முப்பது வருஷம் நின்னே வேலை பார்த்த கால்மா" என்றாள் பட்டு.

"நிக்கிறதுக்கும் வீங்கறதுக்கும் என்ன..."

கங்கையம்மாள் அவளை எழுப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பட்டு குடையை எடுத்துக்கொண்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பினாள். தெரு முனை திரும்பும் வரை ஜெயவேலு பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோதான். போச்சு" என்றார். உள்ளே தனக்கோடி நிம்மதியாக ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றாள். தன் சீட்டு குடை பிடித்துக்கொண்டு கேம்ப் ரோடு பஸ்ஸில் ஏறுகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை டாக்டர் சுப்பராயலு அறிக்கையை உரக்கப் படித்தார். "வெளியே வர மாட்டாள். பேச மாட்டாள். ரத்தம் கண்டால் மயக்கம். ஆஸ்பத்திரி வாடை ஆகாது. நன்றாகப் பாடுவாள்." கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்தீங்களா சிஸ்டர்? விசாரிக்காம சேர்த்திருந்தா என்ன ஆகியிருக்கும். நாலு பேர், நாலு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க."

"அஞ்சாவது ஆளும் இருக்காங்க டாக்டர், தாளோட பின்பக்கம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? போன தையில உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்ல அக்கம்பக்கத்துல விசாரிச்சிருப்பாங்களே. என்ன சொன்னாங்களாம்?"

இந்த விஷயம் பேச டாக்டருக்குப் பிடிக்கும். "ரொம்ப நல்லா சொல்லியிருக்காங்க. அடக்கமான பொண்ணு, அதிர்ந்து பேசாது, வீணை வாசிக்கும்னு."

"வாசிப்பாங்களா?"

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"வீட்ல வீணை இருக்கு" என்றார் கடைசியில்.

பின்பக்கத்தைத் திருப்பினார். இம்முறை உரக்கப் படிக்கவில்லை. தண்ணி லாரி வந்த இடத்தில் ஒருமுறை நிறுத்தி, மேலே போய்த் திரும்பப் படித்தார். புண் ஓரத்திலிருந்து ஆறிய இடத்தில் அவர் தலை, பிடித்துக்கொண்ட கழுத்தையும் மீறி, தானாக அசைந்தது. படித்து முடித்து, "இந்த அம்மா யாரு, பொண்ணுக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டார்.

"ஜென்ம விரோதி டாக்டர்."

அவர் கையெழுத்துப் போட்டார். அந்த வருட ஆஸ்பத்திரி மலரில் 'ரகசியக் கள விசாரணை: ஒரு வெற்றி அனுபவம்' என்று மூன்று பக்கக் கட்டுரையும் எழுதினார். அதில் பட்டுவின் பெயர் வரவில்லை, எருமை வந்தது.

சீட்டு வந்ததும் ஜெயவேலு பேசிய பேச்சை மாற்றவில்லை. குப்புராஜிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சரி" என்றான். விசாரிக்க வந்தது ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்ததும் காலனியில்தான் விளைவு அதிகம். நலச் சங்கம் ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டது. பத்ரிநாராயணன், தனக்கோடியின் துணிச்சலைத் தான் முதலில் கண்டது தன் வீட்டில் நடந்த ஒரு சிறு விபத்தின்போதுதான் என்றும், அதை அன்றே உரியவர்களிடம் எடுத்துச் சொன்னதாகவும் பேசினார். கூட்டத்துக்குப் பால் கொண்டுவந்திருந்த முனியம்மா வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். கடுகு நிறப் புடவை யார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சுவரோரம் நின்று இந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏ பொண்ணு. நான் கெடுக்கறதுக்குத்தான் சொன்னேன். உங்க நைனா கைல சொல்லி வை. அப்பால நான் உபகாரம் பண்ணேன்னு சொவுத்த இன்னும் அர அடி தள்ளப் போறாரு."

முதல் வகுப்பு அன்று தனக்கோடி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவையில் உள்ளே வந்த சிஸ்டரின் முகத்தை அவள் முதலில் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். பிறகு மெல்ல முகத்துக்கு வந்தாள். அன்று இவளை விரட்டிவிட்ட நிம்மதியில் பஜ்ஜி தின்றது நினைவுக்கு வந்து அவளுக்குக் காது சூடானது.

"யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்றாள் பட்டு.

யாரும் எழவில்லை. தனக்கோடி எழுந்தாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுக்குத் தெரியாது" என்றாள் பட்டு. "அது ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகும். வலிக்கிற இடத்துக்கும் போகும்."

தனக்கோடி நின்றபடியே யோசித்தாள். இத்தனை வருடம் காத்திருந்த பதில். அது அவளை உட்காரவிடவில்லை.

"அப்போ வலிக்காத இடத்துக்கும் போகுதா சிஸ்டர்?"

"போகும்."

"அங்கே போய் அது என்ன பண்ணும்?"

பட்டு வகுப்பைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.